நியூட்ரல் எர்த்திங் ரெசிஸ்டர்: எத்தனை ஆம்பியர், எத்தனை ஓம், எத்தனை நொடி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குள் போகிறேன். ஒரு தொழிற்சாலைக்கு 33/11 கிலோவோல்ட், 10 எம்.வி.ஏ. திறன் கொண்ட டெல்டா-ஸ்டார் மின்மாற்றிகள் இரண்டு வரவிருக்கின்றன. அவற்றின் 11 கிலோவோல்ட் நியூட்ரலை, அதாவது மூன்று ஃபேஸ்களும் கூடும் நடுப்புள்ளியை, ரெசிஸ்டர் வழியாக எர்த் செய்ய (நிலத்தோடு இணைக்க) வேண்டும். ஆலையில் 11 கிலோவோல்ட் கேபிள் மொத்தம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் ஓடுகிறது; சர்ஜ் கெப்பாசிட்டர் (திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தணிப்பது) பொருத்திய பெரிய மோட்டார்கள் ஆறு உள்ளன; அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ரெசிஸ்டர் விற்பனையாளர் "400 ஆம்பியர், 10 நொடி" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்; எர்த் ஃபால்ட்டின்போது, அதாவது ஒரு ஃபேஸ் எர்த்தைத் தொடும் பழுதின்போது, ரெசிஸ்டர் ஓடவிடும் மின்னோட்டமும் அதை அது தாங்கும் நேரமும் இவை. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, அவற்றைக் குறைக்க முடியுமா, ஓம் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்பதே கேள்வி.

ஓம் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும். 11,000 வோல்ட்டை √3 ஆல் வகுத்தால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 6,351 வோல்ட் வரும். அதை 400 ஆல் வகுத்தால் 15.9 ஓம். மின்மாற்றியின் சொந்த ரியாக்டன்ஸையும் சேர்க்க வேண்டாமா என்று சிலர் கேட்பதுண்டு. 10 எம்.வி.ஏ.வில் 10 சதவீத இம்பீடன்ஸ் என்றால் அது 1.21 ஓம், 15.9 ஓம் மின்தடையோடு அது செங்குத்தாகக் கூடுவதால் மொத்தம் 15.93 ஓம்தான் ஆகிறது. வேறுபாடு அளவுகோலின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆயிரம் ஆம்பியர் அளவுக்குப் போனால்கூட அது ஏறத்தாழ 2 சதவீதமே. ஆகவே மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் ஓம் அன்று. அந்த 400 என்ற எண்தான். அதைக் கீழிருந்து இரண்டு காரணங்கள் மேலே தள்ளுகின்றன, மேலிருந்து சில காரணங்கள் கீழே அழுத்துகின்றன. பெரும்பாலான ஆலைகளில் இறுதித் தீர்ப்பைச் சொல்வது ரெசிஸ்டர் தயாரிப்பாளர் அல்லர், ரிலே (பழுதை உணர்ந்து மின்சுற்றைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) செட்டிங் போடுகிறவர்தான் என்பது என் கருத்து.

கீழ் எல்லையின் முதல் காரணம் கேபிள்களின் மின்தேக்கம். நியூட்ரலை எர்த் செய்யாமல் விட்டாலும் அந்த அமைப்பு உண்மையில் எர்த்தோடு தொடர்பற்றதாக இருப்பதில்லை. ஒவ்வொரு ஃபேஸும் தன் கேபிள் காப்பின் வழியே எர்த்தோடு ஒரு கெப்பாசிட்டரால் பிணைக்கப்பட்டே இருக்கிறது. ஒரு ஃபேஸில் எர்த் ஃபால்ட் விட்டுவிட்டுப் பொறியாக எரியும்போது, ஒவ்வொரு முறை பொறி அணையும்போதும் இந்த மின்தேக்கத்தில் மின்னூட்டம் தேங்கி நிற்கிறது. அடுத்த முறை பொறி மூளும்போது மின்னழுத்தம் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. இப்படி அடுக்கடுக்காக ஏறி, இயல்பான ஃபேஸ் மின்னழுத்த உச்சத்தைப்போல ஐந்தாறு மடங்கு வரைகூட எட்டலாம் என்பது பழைய பகுப்பாய்வுகள் காட்டும் எல்லை. அதன் விளைவாக, பழுதே இல்லாத மற்றொரு மோட்டாரின் காப்பு உடையும். தேங்கும் மின்னூட்டத்தை அடுத்த பொறிக்கு முன் வடித்துவிட ஒரு வழி தேவை. அந்த வடிகால் வேலையைத்தான் ரெசிஸ்டர் செய்கிறது. ரெசிஸ்டர் வழியே ஓடும் மின்னோட்டம், மூன்று ஃபேஸ்களின் மொத்த மின்தேக்க மின்னோட்டத்துக்குக் குறையாமல் இருந்தால் இந்த ஏற்றம் ஏறத்தாழ இரண்டரை மடங்குக்குள் அடங்கிவிடும்.

அந்த மின்தேக்க மின்னோட்டத்தை உங்கள் ஆலைக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். 240 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள, ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனி ஸ்க்ரீன் (உலோக உறை) கொண்ட எக்ஸ்.எல்.பி.இ. (பிளாஸ்டிக் காப்பு) கேபிளுக்குக் கிலோமீட்டருக்கு 0.4 மைக்ரோஃபாரட் என்று கொள்ளலாம். துல்லியமான எண்ணைத் தயாரிப்பாளரின் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். 12 கிலோமீட்டருக்கு ஒரு ஃபேஸுக்கு 4.8 மைக்ரோஃபாரட். இதை மூன்றால் பெருக்கி, 50 ஹெர்ட்ஸுக்குரிய கோண அதிர்வெண் 314 ஆல் பெருக்கி, 6,351 வோல்ட்டாலும் பெருக்கினால் 28.7 ஆம்பியர் கிடைக்கும். கிலோமீட்டருக்கு 2.4 ஆம்பியர் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மோட்டார் முனையில் ஃபேஸுக்கு 0.25 மைக்ரோஃபாரட் சர்ஜ் கெப்பாசிட்டர் வைத்தால் மோட்டார் ஒன்றுக்கு 1.5 ஆம்பியர், ஆறு மோட்டார்களுக்கு 9 ஆம்பியர். மோட்டார் சுற்றுகளின் சொந்த மின்தேக்கத்தையும் சேர்த்து 40 ஆம்பியர் என்று முழுமையாக்குகிறேன். இரு பஸ் பகுதிகளையும் (மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பொதுக் கடத்திகளையும்) ஒரே மின்மாற்றி சுமக்கும் நிலையே இங்கு மோசமான நிலை. அதனால்தான் 12 கிலோமீட்டரையும் ஒன்றாக எடுத்தேன். சர்ஜ் கெப்பாசிட்டர்களை மறந்துவிட்டுக் கேபிளை மட்டும் கூட்டுவது அடிக்கடி காணப்படும் குறை. அவை உருவத்தில் சிறியவை, கணக்கில் சிறியவை அல்ல.

ஐந்து, பத்து ஆம்பியரில் கட்டுப்படுத்தி, எர்த் ஃபால்ட்டோடேயே ஆலையைத் தொடர்ந்து ஓட்டும் உயர்மின்தடை முறையை இங்கே ஏன் பின்பற்றக் கூடாது என்ற கேள்விக்கும் இந்த எண்ணே பதிலாகிறது. பத்து ஆம்பியர் ரெசிஸ்டர், 40 ஆம்பியர் மின்தேக்க மின்னோட்டம் கொண்ட அமைப்பில் வடிகாலாகச் செயல்படாது. அந்த முறை குறைந்த மின்னழுத்தத்துக்கும், கேபிள் குறைவாக உள்ள சிறிய நடுத்தர மின்னழுத்த அமைப்புகளுக்கும் உரியது. மேலும், 40 ஆம்பியர் ஃபால்ட் கேபிள் காப்புக்குள் எரிந்துகொண்டே இருந்தால் அது ஒற்றை ஃபேஸ் ஃபால்ட்டாகவே நீடிக்காது. சற்று நேரத்தில் பக்கத்து ஃபேஸையும் பிடித்துக்கொள்ளும். எனவே உங்கள் ஆலைக்கு உரியது, ஃபால்ட் வந்ததும் பிரேக்கரை (மின்சுற்றைத் துண்டிக்கும் சுவிட்சை) திறந்துவிடும் குறைமின்தடை முறையே. அந்த முறையில் நடைமுறையில் காணும் வீச்சு 100 முதல் 1,000 ஆம்பியர் வரை. தொழிற்சாலைகளில் 200 முதல் 400 வரை மிகச் சாதாரணம்.

கீழ் எல்லையின் இரண்டாவது காரணம் ரிலேக்கள். பெரும்பாலும் 40 ஆம்பியரை 400க்கு உயர்த்துவது இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன்.

பஸ்ஸிலிருந்து சுமைகளுக்குப் பிரியும் ஃபீடர்களை முதலில் பார்ப்போம். மூன்று ஃபேஸ் சி.டி.க்களின் (மின்னோட்டத்தை அளவு குறைத்து ரிலேவுக்குத் தரும் கருவிகளின்) எச்ச இணைப்பை, அதாவது அவற்றின் கூட்டுத்தொகையை, நம்பி எர்த் ஃபால்ட் ரிலே வைத்தால், 400/1 சி.டி.யில் பத்து சதவீதம் என்பதே 40 ஆம்பியர். மோட்டார் தொடங்கும்போது சி.டி.க்கள் ஒன்றுபோல் செறிவடையாததால் பொய்யான எச்ச மின்னோட்டம் தோன்றும். அதற்கு அஞ்சி இருபது சதவீதத்துக்கு உயர்த்தினால் 80 ஆம்பியர். அதைவிட நல்லது, மூன்று ஃபேஸ்களையும் ஒரே வளையத்துக்குள் நுழைக்கும் கோர் பேலன்ஸ் சி.டி. அதில் 15, 20 ஆம்பியர் செட்டிங் தயக்கமின்றி வைக்கலாம். ஆனால் அதற்கும் ஓர் அடித்தளம் உண்டு. வேறொரு ஃபீடரில் ஃபால்ட் நேரும்போது, நலமாக உள்ள ஃபீடரின் சொந்த மின்தேக்க மின்னோட்டம் அதன் கோர் பேலன்ஸ் சி.டி. வழியாகவே ஃபால்ட்டை நோக்கி ஓடும். 3 கிலோமீட்டர் கேபிளும் ஒரு மோட்டாரும் கொண்ட ஃபீடருக்கு அது 7.2 உடன் 1.5 சேர்ந்து ஏறத்தாழ 9 ஆம்பியர். அந்த ஃபீடரில் 5 ஆம்பியர் செட்டிங் வைத்தால், பக்கத்து ஃபீடரின் குற்றத்துக்கு இந்த ஃபீடர் தண்டனை அனுபவிக்கும். கேபிளின் ஸ்க்ரீன் எர்த் கம்பியைக் கோர் பேலன்ஸ் சி.டி.யின் சரியான பக்கத்தில் இணைக்கவும் வேண்டும். ஸ்க்ரீன் வளையத்துக்குள் நுழைந்து போயிருந்தால் அதன் எர்த் கம்பியும் அதே வளையத்துக்குள் திரும்பி வந்த பிறகே எர்த் பாரைத் தொட வேண்டும். இல்லாவிடில் ஸ்க்ரீன் வழியே திரும்பும் ஃபால்ட் மின்னோட்டம் ஃபேஸ் மின்னோட்டத்தை ஈடுசெய்துவிட, ரிலே ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும்.

ஃபீடரைவிடக் கடினமான வாடிக்கையாளர் மின்மாற்றியின் சுற்று (வைண்டிங்) தான். ஸ்டார் சுற்றில் நியூட்ரலிலிருந்து சுற்றின் எத்தனை பங்கு தூரத்தில் ஃபால்ட் நேர்கிறதோ, ரெசிஸ்டருக்குக் கிடைக்கும் மின்னழுத்தமும் அத்தனை பங்கே. மின்னோட்டமும் அத்தனை பங்கே. முனையில் ஃபால்ட் என்றால் 400, நடுவில் என்றால் 200, நியூட்ரலிலிருந்து பத்தில் ஒரு பங்கில் என்றால் 40. இதை 33 கிலோவோல்ட் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் ஃபால்ட்டில் சிக்கிய சுற்றுகளின் (டர்ன்களின்) எண்ணிக்கையும் அதே விகிதத்தில் குறைவதால் டெல்டா பக்கத்து மின்னோட்டம் பங்கின் இருமடியாகச் சுருங்குகிறது. முனையில் 400 ஆம்பியர் ஃபால்ட் வந்தால் 33 கிலோவோல்ட் பக்கத்தில் ஓடுவது 400 ஐ 6,351/33,000 ஆல் பெருக்கிய 77 ஆம்பியர். அந்தப் பக்கத்து முழுச்சுமை 175 ஆம்பியர் என்பதால் அது 44 சதவீதம். நடுச்சுற்றில் ஃபால்ட் என்றால் 19 ஆம்பியர்தான், அதாவது 11 சதவீதம். 20 முதல் 30 சதவீதத்தில் அமைக்கப்படும் சாதாரண டிஃபரன்ஷியல் ரிலே (மின்மாற்றியின் இரு பக்க மின்னோட்டங்களை ஒப்பிடுவது) சுற்றின் பாதிக்கு மேல் குருடாகிவிடுகிறது. ஆகவே ரெசிஸ்டர் வைத்த மின்மாற்றிக்கு, நியூட்ரல் சி.டி.யையும் முனை சி.டி.க்களையும் ஒப்பிடும் கட்டுப்படுத்திய எர்த் ஃபால்ட் பாதுகாப்பு, அதாவது ஆர்.இ.எஃப்., கட்டாயம் என்றே நான் எழுதுவேன். பலர் அதை விருப்பத்துக்குரிய உபரியாகக் கருதி விலைப்பட்டியலிலிருந்து நீக்குகிறார்கள்.

ஆர்.இ.எஃப். சுற்றின் எவ்வளவு பகுதியைக் காக்கும் என்பதே ரெசிஸ்டரின் ஆம்பியரைத் தேர்ந்தெடுக்கச் சிறந்த அளவுகோல். 11 கிலோவோல்ட் பக்கத்து முழுச்சுமை 525 ஆம்பியர் என்பதால் 600/1 சி.டி. வைப்பீர்கள். சி.டி.க்களின் காந்தமாக்கல் மின்னோட்டத்தையும் சேர்த்து ரிலே இயங்கத் தேவையான முதன்மை மின்னோட்டம் 60 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 400 ஆம்பியர் ரெசிஸ்டரோடு நியூட்ரல் முனையில் 15 சதவீதச் சுற்று பாதுகாப்புக்கு வெளியே நிற்கும். 300 ஆம்பியர் என்றால் 20 சதவீதம்; 200 என்றால் 30; 100 ஆம்பியருக்கு இறங்கினால் சுற்றின் 60 சதவீதம் காவலின்றிக் கிடக்கும். உங்கள் "குறைக்கலாமா" என்ற கேள்விக்கு இந்த எண்களே விடை. ரிலேவின் உணர்திறனை 30 ஆம்பியருக்குக் கொண்டுவர முடிந்தால், 300 ஆம்பியரிலேயே 90 சதவீதம் காக்கப்படும். இன்றைய டிஜிட்டல் ரிலேக்களில் அது எட்ட முடியாததன்று, ஆனால் சி.டி.க்களின் தரமும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ரிலேக்கள் இன்னும் முடிவாகவில்லை என்றால் 400ஐத் தொடாதீர்கள். எல்லா ஃபீடர்களிலும் கோர் பேலன்ஸ் சி.டி.யும், மின்மாற்றிகளில் நுண்ணுணர்வுள்ள ஆர்.இ.எஃப்.உம் உறுதி என்றால் 300 எனக்குப் பிடித்தமான எண். ரெசிஸ்டரை மின்மாற்றியின் முழுச்சுமை மின்னோட்டத்துக்கே வைத்துவிடும் பழக்கமும் உண்டு. அது ரிலேக்களுக்கு வசதி, ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் வேறு பொறியியல் காரணம் எதுவும் இல்லை.

மேல் எல்லையைச் சுருக்கமாகவே சொல்லலாம். இதே மின்மாற்றியின் நியூட்ரலை நேரடியாக எர்த் செய்தால் முனையில் ஏறத்தாழ 5,000 ஆம்பியர் ஃபால்ட் மின்னோட்டம் வரும். 400க்கு இறக்குவதால் மின்னோட்டத்தின் இருமடி ஏறத்தாழ 150இல் ஒரு பங்காகிறது. மோட்டார் ஸ்டேட்டரின் தகடுகள் உருகி ஒட்டிக்கொள்வதும், கேபிளின் மெல்லிய தாமிர ஸ்க்ரீன் வெந்துபோவதும் அந்த அளவுக்குக் கட்டுப்படும். எர்த் கிரிட்டின் (நிலத்தில் புதைத்த எர்த் வலையின்) மின்தடை அரை ஓம் என்றால் அதன் மின்னழுத்த உயர்வு 2,500 வோல்ட்டிலிருந்து 200 வோல்ட்டுக்கு இறங்குகிறது. பஸ்ஸோடு நேரடியாக இணைந்த ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் 400 ஆம்பியர்கூட அதன் ஸ்டேட்டர் கோருக்கு மிகுதி. அங்கே ஜெனரேட்டருக்குத் தனியாக உயர்மின்தடை எர்த்திங் வைத்து, ஜெனரேட்டருக்குள் ஃபால்ட் நேர்ந்தால் அதன் குறைமின்தடைப் பாதையை உடனே துண்டிக்கும் கலப்பு முறையைப் பார்க்க வேண்டும். மின்மாற்றிப் பிரேக்கர்கள் திறந்து ஜெனரேட்டர் தனியே ஓடும் நிலையில் அந்தப் பஸ்ஸுக்கு எர்த்திங் எங்கிருந்து வரும் என்பதையும் வரைபடத்தில் விரல் வைத்துத் தேடிப் பாருங்கள்.

இனி நொடிகள். 400 ஆம்பியர், 6,351 வோல்ட் என்றால் ரெசிஸ்டரில் வெளிப்படும் திறன் 2.54 மெகாவாட். இது ஒரு சிறு தொழிற்சாலையின் மொத்தச் சுமைக்கு நிகரானது. அத்தனையும் ஆள் உயரப் பெட்டிக்குள் இருக்கும் உலோகப் பட்டைகளில் இறங்குகிறது. பத்து நொடியில் 25.4 மெகாஜூல். அவ்வளவு குறுகிய நேரத்தில் காற்றுக்கு வெப்பம் கடந்துபோக வாய்ப்பே இல்லை, எல்லாம் உலோகத்திலேயே தங்கும். ஐ.இ.இ.இ. சி57.32 தரநிலை பத்து நொடி, ஒரு நிமிட மதிப்பீடுகளுக்கு 760 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை உயர்வை அனுமதிக்கிறது. பத்து நிமிட மதிப்பீட்டுக்கு 610, தொடர் மதிப்பீட்டுக்கு 385. துருப்பிடிக்காத எஃகின் தன்வெப்பம் கிலோவுக்கும் டிகிரிக்கும் ஏறத்தாழ அரை கிலோஜூல் என்பதால், 760 டிகிரி உயர ஒரு கிலோ எஃகு 380 கிலோஜூல் விழுங்கும். 25.4 மெகாஜூலுக்கு 67 கிலோ எஃகு வேண்டும். விற்பனையாளரின் வரைபடத்தில் மின்தடைப் பட்டைகளின் எடை மட்டும் தனியாகக் கேளுங்கள். பெட்டி, இன்சுலேட்டர் எடைகளோடு சேர்த்துச் சொன்னால் ஏற்காதீர்கள். அந்த எடை இந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வரவில்லை என்றால், மின்தடை ஏறுவதால் வெப்பம் குறைவதைக் கணக்கில் எடுத்தாரா, அல்லது வெறுமனே மலிவாக்கினாரா என்று விளக்கம் கேட்பது உங்கள் உரிமை.

பத்து நொடி போதுமா என்றால், உங்கள் ஆலைக்குப் போதும். ஃபீடர் ரிலே 0.1 முதல் 0.5 நொடிக்குள்ளும், பின்காப்பு ரிலே 2, 3 நொடிக்குள்ளும் திறந்துவிடும். மேல்நிலைக் கம்பிகளும் தானியங்கி மறுஇணைப்பும் உள்ள அமைப்பில்தான் 30 நொடி அல்லது ஒரு நிமிடம் தேவைப்படும், ஏனெனில் ஒவ்வொரு மறுஇணைப்பும் முன்பே சூடான ரெசிஸ்டரின்மேல் வந்து விழுகிறது, நடுவில் ஆற நேரமில்லை. அனுமதித்த முழு நேரமும் சூடான ரெசிஸ்டர் பழைய நிலைக்கு ஆற மிக நீண்ட நேரம் பிடிக்கும். ஃபால்ட்டைத் தேடுவதற்காகப் பிரேக்கரை மீண்டும் மீண்டும் மூடிப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். மின்னழுத்தத்தையும் கவனியுங்கள்: டேப் மாற்றி (மின்மாற்றியின் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 11 கிலோவோல்ட் பஸ்ஸை 12 கிலோவோல்ட் வரை உயர்த்த அனுமதித்தால் அதே 15.9 ஓமில் 436 ஆம்பியர் ஓடும், வெப்பம் 19 சதவீதம் கூடும். ஆகவே ரெசிஸ்டரின் மதிப்பீட்டு மின்னழுத்தமாக 6,351 என்று எழுதாமல் 6,930 வோல்ட் என்று எழுதுவது பாதுகாப்பு.

எந்த உலோகம் என்பதும் ஆம்பியரோடு தொடர்புடையதே. சாதாரண 304 வகை எஃகின் மின்தடை, வெப்பம் 800 டிகிரியை நெருங்கும்போது குளிர்நிலையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். 400 ஆம்பியரில் தொடங்கியது 250 ஆம்பியர் அளவில் முடியும். நிக்கல்-குரோம் உலோகக் கலவையில் இந்த மாற்றம் சில சதவீதமே, விலைதான் அதிகம். இதனால் ரிலே இயங்காமல் போகுமோ என்ற அச்சத்தில் சிலர் நிக்கல்-குரோமை வலியுறுத்துவார்கள். அரை நொடியில் திறக்கும் ரிலேவுக்கு அந்தக் கவலை தேவையில்லை; அதற்குள் உலோகம் ஐம்பது டிகிரி அளவுக்கே ஏறியிருக்கும். மூன்று நொடி காத்திருக்கும் பின்காப்பு ரிலேவுக்குத்தான் குறைந்துபோன மின்னோட்டத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். மின்தடையில் ±10 சதவீத விலக்கு வழக்கமாக அனுமதிக்கப்படுகிறது என்பதால், குளிர்நிலையிலேயே மின்னோட்டம் 363 முதல் 444 வரை எங்கும் இருக்கலாம். ரிலேவுக்குக் கீழ் எண்ணையும் கேபிள் ஸ்க்ரீனுக்கு மேல் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலும் இரசாயன ஆலையிலும் உலோகத் தேர்வை முடிவுசெய்வது வெப்பக் கணக்கைவிட அரிப்புதான்.

ரெசிஸ்டரின் எண்கள் சரியாக இருந்தும் அமைப்பு தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. மின்மாற்றி முனைக்கும் அதன் மின்சாரத்தைப் பஸ்ஸுக்குள் விடும் 11 கிலோவோல்ட் இன்கமர் பிரேக்கருக்கும் இடையே உள்ள கேபிளில் எர்த் ஃபால்ட் நேர்ந்தால், இன்கமரைத் திறந்து பயனில்லை. மின்மாற்றி ஃபால்ட்டுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும், ரெசிஸ்டர் பத்து நொடி கடந்து சிவந்து உருகும். மேலே கணக்கிட்டபடி 33 கிலோவோல்ட் பக்கத்தில் அப்போது கூடுவது 77 ஆம்பியரே என்பதால் அங்குள்ள ஓவர்கரன்ட் ரிலேவுக்கு அது சாதாரணச் சுமை போலத் தோன்றும். ஆகவே நியூட்ரல் சி.டி.யில் இருக்கும் ரிலே இரண்டு கட்டங்களாக அமைய வேண்டும்: முதல் கட்டம் இன்கமரைத் திறக்கும், அதற்குப் பிறகும் நியூட்ரலில் மின்னோட்டம் நின்றால், ரெசிஸ்டரின் பத்து நொடிக்கு வெகு முன்பே, இரண்டாவது கட்டம் 33 கிலோவோல்ட் பிரேக்கரைத் திறக்கும். ஆர்.இ.எஃப். எப்போதும் இரு பக்கத்தையும் உடனே திறக்க வேண்டும். 33 கிலோவோல்ட் பிரேக்கர் தொலைவில் வேறொரு நிலையத்தில் இருந்தால் அங்கே டிரிப் கட்டளையைக் கொண்டுசெல்லும் வழிக்கான செலவையும் ரெசிஸ்டரின் செலவோடு சேர்த்தே பாருங்கள்.

காப்பு மட்டங்களைப் பற்றிச் சில வார்த்தைகள். ஃபால்ட் நேரத்தில் நியூட்ரல் முழு ஃபேஸ் மின்னழுத்தத்துக்கு உயர்கிறது, நலமான ஃபேஸ்கள் எர்த்தைப் பொறுத்து 11 கிலோவோல்ட்டுக்கு உயர்கின்றன. எனவே நியூட்ரல் புஷ்ஷிங்கிலிருந்து ரெசிஸ்டருக்குப் போகும் கேபிள் 11 கிலோவோல்ட் வகுப்பைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஒருபுறம் எர்த் தானே என்று குறைந்த மின்னழுத்தக் கேபிளை இழுப்பது, ரெசிஸ்டரைத் தாண்டி நேரடி எர்த் செய்வதற்கான குறுக்குவழியாக முடியும். நேரடி எர்த்திங் கொண்ட அமைப்புக்காக வாங்கிய 9 கிலோவோல்ட் மதிப்பீட்டு அரெஸ்டர்கள் (மின்னழுத்த எழுச்சியை எர்த்துக்கு வடிப்பவை) இங்கே நிற்காது. 12 கிலோவோல்ட் மதிப்பீடாவது வேண்டும். மின்னழுத்த மின்மாற்றிகளுக்கு 1.9 மடங்கு, 30 நொடி என்ற மின்னழுத்தக் காரணியைக் கேளுங்கள். கேபிளில் மட்டும் வீண்செலவு செய்ய வேண்டாம்: எர்த் ஃபால்ட் ஒரு நிமிடத்துக்குள் துண்டிக்கப்படும் அமைப்பு ஐ.இ.சி. 60502-2 வகைப்பாட்டில் ஏ வகையைச் சேர்ந்தது என்பதால், முழு ஃபேஸ்-ஃபேஸ் மின்னழுத்தத்தை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே நெடுநேரம் தாங்கும் தடித்த காப்பு தேவையில்லை.

இரண்டு மின்மாற்றிகளுக்கும் ஒரே ரெசிஸ்டர் போதாதா என்று பிறகு கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் வைப்பதே தெளிவான வழி. இரு பஸ் பகுதிகளையும் இணைக்கும் பஸ் கப்ளரை மூடி இரண்டு மின்மாற்றிகளையும் இணையாக ஓட்டினால் ஃபால்ட் மின்னோட்டம் 800 ஆம்பியராகும். ரிலேக்கள் ஒற்றை மின்மாற்றியின் 400இல் இயங்க வேண்டும், கேபிள் ஸ்க்ரீன்களும் எர்த் கிரிட்டும் 800ஐத் தாங்க வேண்டும். கப்ளரை மூடுவது சுமை மாற்றும் சில நொடிகளுக்கு மட்டும் என்றால் இது பெரிய சிக்கலில்லை. இணையாக ஓட்டுவதே வழக்கம் என்றால், நான் மேலே சொன்ன 300 ஆம்பியர் இன்னும் பொருத்தமாகிறது. ஒரே ரெசிஸ்டரை நியூட்ரல் ஐசொலேட்டர்களால் மாற்றி மாற்றி இணைக்கும் ஏற்பாட்டில், ஐசொலேட்டரை யாரோ திறந்து வைத்துவிட்டு மறந்துபோனால் முழு அமைப்பும் எர்த்தின்றி ஓடும். வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது.

அதே ஆபத்து ரெசிஸ்டருக்குள்ளும் உண்டு. பட்டைகளின் இணைப்பு ஒன்று அரிப்பாலோ அதிர்வாலோ விட்டுப்போனால், இயல்பு நிலையில் நியூட்ரலில் மின்னோட்டமே இல்லாததால் எந்த மீட்டரும் அதைக் காட்டாது. அடுத்த எர்த் ஃபால்ட்டில் ரிலே இயங்காதபோதுதான் தெரியவரும். ரெசிஸ்டரின் தொடர்ச்சியை இடைவிடாமல் கண்காணிக்கும் ரிலே கிடைக்கிறது. அதை வாங்கவில்லை என்றாலும் ஆண்டுப் பராமரிப்பில் மின்தடையை அளந்து, தயாரிப்பாளரின் ஆலைச் சோதனையில் பதிவான எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

இயக்கத்துக்கு விடும் முன் ரெசிஸ்டரின் மின்தடையை அளப்பதோடும் இன்சுலேட்டர்களை மெக்கர் செய்வதோடும் (காப்பு மின்தடையை அளப்பதோடும்) பலர் நிறுத்திவிடுகிறார்கள். நியூட்ரல் சி.டி.யின் துருவத்தை முதன்மை மின்னோட்டம் செலுத்திச் சரிபார்ப்பதை விடக்கூடாது. மின்மாற்றியின் முனைக்கு வெளியே ஒரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே செலுத்தி, ஆர்.இ.எஃப். ரிலே அசையாமல் நிற்பதை முதலில் பாருங்கள். பிறகு நியூட்ரல் சி.டி.யை மட்டும் குறுக்கிணைத்து விலக்கிவிட்டு அதே மின்னோட்டத்தில் ரிலே இயங்குவதைப் பாருங்கள். சமநிலைச் சுமையில் நியூட்ரல் சி.டி. வெறுமையாக இருப்பதால், துருவம் மாறி இணைக்கப்பட்ட ஆர்.இ.எஃப். மாதக்கணக்கில் அமைதியாக இருந்துவிட்டு, ஏதோ ஒரு ஃபீடரில் எர்த் ஃபால்ட் வரும் நாளில் நலமான மின்மாற்றியைத் திறந்துவிடும்.